உடையும் ஒளிப்படமும்: கோட்டின் வரலாறு (1883–1965)

கோடு காட்சிக் கலைகளின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று. ஓவியத்தில் கோட்டைக் கை வரைகிறது. உடையிலும் ஒளிப்படத்திலும் அப்படி வரையும் கை வெளியே தெரிவதில்லை. உடையில் கோடு தையலாக, மடிப்பாக, கரையாக, துணியின் விளிம்பாக அமைகிறது. ஒளிப்படத்தில் அது வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லையாக அமைகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. பாரிசில் ஓர் உடை தைக்கப்பட்டால், அதை நேரில் பார்த்தவர்கள் சில நூறு பேர். இதழில் ஒளிப்படமாகப் பார்த்தவர்கள் பல லட்சம் பேர். எனவே உடையின் கோட்டை முடிவு செய்யும் உரிமை தையற்கூடத்திலிருந்து சிறிது சிறிதாக ஒளிப்படக்கூடத்திற்கும் நகர்ந்தது. ஒளிப்படத்தில் நாம் காணும் கோடு உடலுடையதா, துணியுடையதா, கேமராவுடையதா, அதற்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பவை இவ்வரலாற்றின் மையக் கேள்விகள்.

கோட்டின் வகைகள்

உடையில் கோடுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது உருவரை. உடை அணிந்தவரைத் தொலைவிலிருந்து நிழலாகப் பார்த்தால் தெரியும் வெளிவிளிம்பு இது. இரண்டாவது கட்டமைப்புக் கோடு. துணித்துண்டுகளை இணைக்கும் தையல், உடலுக்கேற்பத் துணியைக் குறுக்கும் டார்ட், கொசுவம், மடிப்பு ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது அலங்காரக் கோடு. நெய்யப்பட்ட பட்டைகள், கரை, பைப்பிங், பின்னல் வேலை ஆகியவை இவ்வகையின.

ஒளிப்படத்தில் இவற்றோடு வேறு கோடுகளும் சேர்கின்றன. தொடுவானம், சுவரின் விளிம்பு, படிக்கட்டு, கையும் காலும் நீளும் திசை, சட்டத்தின் நான்கு ஓரங்கள் எல்லாமே பார்வையை நடத்திச் செல்லும் கோடுகளாகின்றன. பொதுவாகச் செங்குத்துக் கோடு உயரத்தையும், கிடைக்கோடு அமைதியையும், சாய்கோடு அசைவையும், வளைகோடு மென்மையையும் உணர்த்தும் என்பர்.

இவை மாறா விதிகள் அல்ல. குறுக்குப் பட்டைகள் உடலைப் பருமனாகக் காட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே இதற்கு மாறான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். கிடைக்கோடுகளால் நிரப்பிய சதுரம் உண்மையில் இருப்பதைவிட உயரமாகவும் ஒடுங்கியும் தெரிகிறது. குறுக்குப் பட்டையுள்ள பெண்களின் உடைகளையும் அவர் இதற்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். ஒரு கோடு என்ன செய்யும் என்பது அது எந்த வடிவத்திற்குள், எந்தக் கோடுகளுக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மாரேயின் கருப்பு உடை

ஒளிப்படத்திற்காகவே வடிவமைக்கப்பட்ட கோட்டு உடை ஒன்று முதலில் அறிவியல் ஆய்வில்தான் தோன்றியது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன்-ஜூல் மாரே (1830–1904), மனிதரும் விலங்குகளும் அசையும் முறையை ஆராய்ந்தார். ஒரே கண்ணாடித் தட்டில் அடுத்தடுத்துப் பல பதிவுகளை எடுக்கும் முறையை 1882இல் உருவாக்கினார். நடப்பவரின் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியது இம்முறையின் சிக்கல்.

1883இல் மாரே இதற்கு உடையின் மூலம் தீர்வு கண்டார். நடப்பவருக்குத் தலைமுதல் கால்வரை கருப்பு உடை அணிவித்தார். கை, கால்களின் நீளத்திற்கு ஒளிரும் பட்டைகளையும் மூட்டுகளில் புள்ளிகளையும் பொருத்தி, அவரைக் கருப்புப் பின்னணிக்கு முன் நடக்கவிட்டார். படத்தில் மனிதர் மறைந்தார். அவர் நடந்த தடம் வெள்ளைக் கோடுகளின் வரிசையாக மட்டும் பதிந்தது. மார்செல் டூஷாம்பின் 1912ஆம் ஆண்டு ஓவியமான 'மாடிப்படி இறங்கும் நிர்வாண உருவம், எண் 2' இவ்வகைப் படங்களின் தாக்கம் பெற்றது. இன்று திரைப்படத்துறையில் நடிகரின் அசைவைக் கணினியில் பதிவுசெய்ய அணிவிக்கும் புள்ளியிட்ட உடைக்கும் இதுவே முன்னோடி.

மாரேயின் நோக்கம் அழகு அல்ல. ஆயினும் பின்னர் வந்த உடை ஒளிப்படக் கலை எதிர்கொண்ட ஒரு சிக்கலை அவருடைய படங்கள் முன்கூட்டியே காட்டிவிட்டன. கோடு தெளிவாக வேண்டுமென்றால் ஆள் மறைய வேண்டியிருந்தது.

புவாரேயும் ஸ்டைக்கனும்

20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஐரோப்பிய மேல்தட்டுப் பெண்களின் உருவரையை இடுப்பை இறுக்கும் கோர்செட் தீர்மானித்தது. மார்பை முன்னும் இடுப்பைப் பின்னும் தள்ளி, பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'எஸ்' எழுத்துப்போல் உடலை வளைக்கும் கோர்செட் அப்போது வழக்கில் இருந்தது. உடையின் கோடு உடலை நெருக்கிப் பெறப்பட்டது.

பாரிஸ் வடிவமைப்பாளர் பால் புவாரே (1879–1944) இந்த உருவரையைக் கைவிட்டார். இடுப்புக் கோட்டை மார்புக்குக் கீழே உயர்த்தி, அங்கிருந்து துணி நேராக விழும் உடைகளைத் தைத்தார். இந்தப் புதிய கோட்டை உலகுக்குக் காட்ட அவர் முதலில் நாடியது ஓவியத்தை. 1908இல் பால் இரீபும் 1911இல் ஜார்ஜ் லெபாப்பும் அவருக்காக வரைந்த தொகுப்புகளில் மெல்லிய கோடுகளுக்குள் தட்டையான வண்ணங்கள் நிரப்பப்பட்டிருந்தன. கோட்டைக் காட்ட ஓவியமே ஏற்ற ஊடகம் என்று அப்போது கருதப்பட்டது. ஒளிப்படம் துணியின் சுருக்கம், அறையின் நிழல் என எல்லாவற்றையும் சேர்த்தே பதிந்தது.

1911 ஏப்ரலில் 'ஆர் எ தெகொராசியோன்' என்ற பிரெஞ்சு இதழில் எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த புவாரே உடைகளின் ஒளிப்படங்கள் வெளிவந்தன. உடையை விவரப் பதிவாக மட்டும் காட்டாமல், ஒளியும் சூழலும் சேர்ந்த காட்சியாக அமைத்த தொடக்க முயற்சிகளுள் இவை முக்கியமானவை. இவற்றின் விளிம்புகள் கூர்மையாக இல்லை. சன்னலிலிருந்து வரும் வெளிச்சம் துணியின் ஓரத்தில் பட்டுக் கோட்டை உண்டாக்குகிறது. 1913இல் வோக் இதழில் பணியேற்ற பரோன் அடோல்ஃப் டி மேயரும் பின்னொளியால் விளிம்பை ஒளிரச்செய்யும் முறையைக் கையாண்டார்.

புவாரேயின் விடுதலைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1910ஆம் ஆண்டை ஒட்டிக் கணுக்காலருகே மிகக் குறுகிய பாவாடை பரவியது. அதை அணிந்தவரால் சிற்றடி வைத்துத்தான் நடக்க முடிந்தது. மார்பை விடுவித்துக் கால்களுக்கு விலங்கிட்டதாகப் புவாரேயே பின்னாளில் தம் நினைவுகளில் ஒப்புக்கொண்டார்.

வியோனே: துணியிலிருந்து பிறந்த கோடு

மதலேன் வியோனே (1876–1975) 1912இல் பாரிசில் தம் தையலகத்தைத் தொடங்கினார். கோட்டை உடலிலிருந்தும் வரைபடத்திலிருந்தும் எடுக்காமல் துணியின் இயல்பிலிருந்தே எடுத்தவர் இவர்.

நெய்த துணியில் பாவு நூல்கள் நீளவாக்கிலும் ஊடை நூல்கள் குறுக்குவாக்கிலும் செல்கின்றன. இவ்விரு திசைகளில் இழுத்தால் துணி அதிகம் நெகிழாது. 45 பாகைச் சாய்வில் இழுத்தால் நூல்களுக்கு இடையிலுள்ள கட்டங்கள் சாய்ந்து கொடுத்து, துணி இழுபடும். நம் ஊர்த் தையற்கடைகளில் 'கிராஸ்' வெட்டு என்பது இதுவே. பைப்பிங்குக்கு நாடா வெட்டும் தையற்காரர் துணியைச் சாய்வாக வெட்டுவது, வளைவில் அது சுருங்காமல் படியவேண்டும் என்பதற்காகத்தான். ஓரத்துக்கும் சிறு பகுதிகளுக்கும் பயன்பட்ட இந்த வெட்டை வியோனே முழு உடைக்கும் விரித்தார். சாய்வாக வெட்டிய துணி தன் எடையாலேயே கீழிறங்கி உடலைத் தழுவியது. கோர்செட்டோ பலகைபோன்ற உள்துணியோ தேவைப்படவில்லை. வழக்கத்தைவிட அகலமான துணிகளை அவர் நெசவாலைகளிடம் தனியே கேட்டு வாங்கினார். காகிதத்தில் வரையாமல், சிறிய மரப்பொம்மை ஒன்றில் துணியைச் சுற்றி ஊசி குத்தியே வடிவங்களைக் கண்டடைந்தார்.

இந்தக் கோட்டை வரைபடமாக நகலெடுப்பது கடினம். ஆயினும் திருட்டு நகல்கள் பெருகின. வியோனே இதை எதிர்த்துப் போராடியபோது ஒளிப்படம் அவருக்குச் சான்றாகப் பயன்பட்டது. ஒவ்வொரு உடையையும் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் எனப் படமெடுத்துத் தொகுப்பேடுகளில் பதிவுசெய்தார். உடையின் அடையாளச் சீட்டில் தம் பெருவிரல் ரேகையையும் இட்டார். 1952இல் அவர் கொடையாக அளித்த உடைகளும் இத்தொகுப்பேடுகளும் இன்று பாரிசின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. இதழ்கள் ஒளிப்படத்தில் அழகைத் தேடிய அதே காலத்தில், ஒரு கோடு யாருடைய உழைப்பு என்பதை நிறுவும் ஆவணமாகவும் ஒளிப்படம் ஆயிற்று. அவருடைய தையலகத்தில் பணியாளர்களுக்கு உணவகம், மருத்துவ வசதி, ஊதியத்துடன் விடுப்பு ஆகியவை இருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

1931இல் ஜார்ஜ் ஹொய்னிங்கன்-ஹூன, வியோனேயின் உடையணிந்த பெண்ணைக் கருப்புப் பின்னணியில் கிரேக்கப் புடைப்புச் சிற்பம்போல் படமெடுத்தார். துணியின் மடிப்புகள் காற்றில் அலைவதுபோல் அதில் தோன்றுகின்றன.

கட்டிய தொடுவானமும் ஓடிய கால்களும்

ஹொய்னிங்கன்-ஹூன 1930இல் எடுத்த 'மூழ்குவோர்' என்ற படம் கோட்டு அமைப்புக்குப் புகழ்பெற்றது. நீச்சலுடை அணிந்த ஆணும் பெண்ணும் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்து கடலைப் பார்ப்பதுபோல் அது தோன்றுகிறது. ஆனால் அங்கே கடல் இல்லை. அது பாரிசின் ஷான்செலிசே வீதியில் இருந்த வோக் ஒளிப்படக்கூடத்தின் மொட்டைமாடி. தொடுவானமாகத் தெரிவது மாடிச்சுவரின் விளிம்பு. ஒரு கிடைக்கோடு சரியான இடத்தில் இருந்தால் மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு இப்படம் தெளிவான சான்று.

இதற்கு நேரெதிர் திசையில் சென்றவர் மார்ட்டின் முன்காச்சி (1896–1963). ஹங்கேரியில் விளையாட்டு நிகழ்வுகளைப் படமெடுத்துப் பழகியவர் அவர். ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக, கார்மல் ஸ்னோவின் அழைப்பில், நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் கடற்கரையில் லூசில் புரோக்கா என்ற விளம்பர அழகியை ஓடச்சொல்லிப் படமெடுத்தார். 1933 டிசம்பர் இதழில் அப்படம் வெளிவந்தது. தோளில் அணிந்த மேலாடை பின்னால் பறக்க, ஓடும் உடல் சட்டத்தின் குறுக்கே சாய்கோடாகிறது. அதுவரை உடை ஒளிப்படத்தில் கோடு என்பது அசையாமல் நின்றால் கிடைப்பது. இங்கே அது கணப்பொழுதில் பிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவ்விதழின் கலை இயக்குநரான அலெக்சி புரோடோவிச், பக்கத்தில் வெற்றிடத்தைத் தாராளமாக விட்டு, உடலின் கோட்டையும் எழுத்து வரிசையின் கோட்டையும் இணைத்து அச்சுப் பக்கங்களை அமைத்தார்.

1939: திருத்தப்பட்ட கோர்செட்

1930களின் இறுதியில் கோர்செட் மீண்டும் வந்தது. ஹோர்ஸ்ட் 1939இல் பாரிஸ் வோக் கூடத்தில் எடுத்த 'மேன்போஷே கோர்செட்' இக்காலத்தின் அடையாளப் படம். முதுகைக் காட்டி அமர்ந்த பெண், பளிங்குபோன்ற தடுப்பு, அவிழ்ந்து தொங்கும் நாடா ஆகியவை அதில் உள்ளன. நாடாவின் கோடு முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஏறிப் பின் தளர்ந்து கீழிறங்குகிறது. போர் மூளும் தறுவாயில், பாரிசை விட்டுப் புறப்படுமுன் தாம் எடுத்த கடைசிப் படம் அது என ஹோர்ஸ்ட் பின்னர் நினைவுகூர்ந்தார்.

அசல் படத்தில் கோர்செட் ஒரு பக்கம் உடலோடு ஒட்டாமல் விலகி நின்றது. அந்த இடைவெளி அச்சுக்குப் போகுமுன் திருத்தி மூடப்பட்டது. அதாவது உடலால் தர முடியாத கோட்டைத் திருத்துபவரின் தூரிகை தந்தது. கணினிகள் வருவதற்கு வெகு முன்பே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது.

1947: 'கொரோல்' கோடு

பிரெஞ்சில் உடைத்துறையினர் 'லீஞ்' என்ற சொல்லைக் கோட்டுக்கும் ஒரு பருவத்தின் உடை வடிவத்துக்கும் பயன்படுத்துவர். கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று பாரிசின் மோந்தேன் சாலை 30ஆம் எண் கட்டடத்தில் தம் முதல் தொகுப்பைக் காட்டியபோது, அதன் இரு கோடுகளுக்கும் பெயரிட்டார். ஒன்று 'கொரோல்', அதாவது பூவின் அல்லி வட்டம். மற்றொன்று 'எட்டு'. ஒடுங்கிய இடை, விரிந்த நீண்ட பாவாடை, சரிந்த தோள் ஆகியவை இவற்றின் இயல்புகள். கார்மல் ஸ்னோ இதற்கு 'நியூ லுக்' எனப் பெயர் வைத்தார். வியோனேயின் முறைக்கு இது நேர்மாறானது. பாவாடையின் வளைவுக்குப் பின்னால் விறைப்பான உள்துணிகளும் இடுப்புப் பஞ்சும் இடையை இறுக்கும் பட்டியும் இருந்தன.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. பிரான்சில் ரொட்டிக்கே பங்கீடு இருந்தது. பிரிட்டனில் துணிப் பங்கீடு 1949 வரை நீடித்தது. ஒரு பாவாடைக்குப் பல மீட்டர் துணி செலவிடும் இக்கோட்டை அந்நாட்டு அரசு எதிர்த்தது. அமெரிக்காவில் நீண்ட பாவாடைக்கு எதிராகப் பெண்கள் சங்கம் அமைத்தனர். பாரிசின் லெபிக் தெருச் சந்தையில் இவ்வுடைகளைப் படமெடுக்கச் சென்றபோது, அங்கிருந்த பெண்கள் ஆத்திரமுற்று உடை அணிந்திருந்தவரைச் சூழ்ந்து துணியைப் பிடித்து இழுத்தனர். ஒளிப்படக்காரருக்குச் சந்தை ஒரு பின்னணி; அங்கே காய்கறிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது வாழ்க்கை. உடையின் கோடு யாருக்கு எட்டும் என்ற கேள்வி இவ்வளவு வெளிப்படையாக எழுந்த தருணங்கள் இவ்வரலாற்றில் குறைவு.

இத்தொகுப்பின் அடையாளமான 'பார்' உடையைக் காட்டும் புகழ்பெற்ற படம், சேன் ஆற்றங்கரையில் தொப்பியும் கையுறையும் அணிந்து நிற்கும் பெண்ணுடையது. வில்லி மேவால்ட் எடுத்த இப்படம் 1947ஐச் சேர்ந்தது என்று பலர் நினைக்கின்றனர். அது 1950களின் நடுப்பகுதியில் எடுக்கப்பட்டது. நினைவில் நின்ற கோடு, பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப அமைக்கப்பட்டது.

டியோர் பின்னர் தம் கோடுகளுக்கு எழுத்துகளையே பெயராக்கினார். 1954இல் 'எச்', 1955இல் 'ஏ', பின்னர் 'ஒய்' என அவை வந்தன. ஒரே எழுத்தில் சுருங்கிய உருவரையை இதழ்கள் எளிதில் பரப்பின.

அவெடனின் இடைக்கச்சை

1955 ஆகஸ்டில் ரிச்சர்ட் அவெடன் பாரிசின் குளிர்கால சர்க்கஸ் அரங்கில் 'டோவிமாவும் யானைகளும்' படத்தை எடுத்தார். டோவிமா அணிந்திருந்த கருப்பு வெல்வெட் மாலையுடையை டியோரிடம் உதவியாளராக இருந்த 19 வயது இவ் சான் லோரான் வடிவமைத்தார். வெள்ளை இடைக்கச்சை தரைவரை இறங்குகிறது. டோவிமாவின் நீட்டிய கைகள் யானைகளின் துதிக்கைகளோடு இணைந்து ஒரே வளைவாகின்றன. யானைகளின் சுருக்கம் விழுந்த தோலும் வழுவழுப்பான துணியும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன.

அவெடனுக்கு இப்படத்தில் முழு நிறைவில்லை. இடைக்கச்சையை இடப்பக்கம் பறக்கவிட்டுப் படத்தின் கோட்டை முடித்திருக்கலாமே என்று அவர் பின்னாளில் வருந்தினார். ஆனால் படத்தைக் கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் வேறொரு கோடும் படும். அது யானைகளின் காலில் கட்டிய சங்கிலி.

ஒரே திரைச்சீலை

1950இல் இர்விங் பென் பாரிசின் வோஜிரார் தெருவிலுள்ள பழைய ஒளிப்படப் பள்ளியின் மேல்மாடியில், இயற்கை வெளிச்சத்தில் பணியாற்றினார். ஒரு பழைய நாடகத் திரைச்சீலை பின்னணியாக இருந்தது. அதற்கு முன் நின்ற லீசா ஃபோன்சகிரீவ்ஸ் முதலியோரின் படங்களில் உடையின் உருவரை சாம்பல்நிற வெளியில் தெளிவாக நிற்கிறது. மாளிகையும் கடற்கரையும் அவற்றில் இல்லை.

உடை வேலைகளின் இடைவெளியில், அதே இடத்திற்குப் பாரிசின் தொழிலாளர்களையும் பென் அழைத்தார். இறைச்சிக் கடைப் பையன்கள், சாணை பிடிப்பவர், வெள்ளரிக்காய் விற்பவர் எனப் பலரும் வேலை உடையில், கருவிகளோடு வந்து நின்றனர். 'சிறு தொழில்கள்' என்ற இத்தொடர் பின்னர் லண்டனிலும் நியூயார்க்கிலும் தொடர்ந்தது. ஏப்ரனின் செங்குத்து மடிப்பும், தோளில் தொங்கும் பையின் சாய்கோடும், விலையுயர்ந்த உடைக்குக் கிடைத்த அதே வெளிச்சத்தில் அதே கண்ணியத்தோடு தெரிகின்றன. உழைப்பால் வந்த கோடுகள் இவை. யாரும் இவற்றுக்குப் பெயரிடவில்லை.

1965: ஓவியக் கோடு உடையான விதம்

சான் லோரான் 1965 இலையுதிர்காலத் தொகுப்பில், டச்சு ஓவியர் பீட் மொண்ட்ரியானின் கருப்புக் கட்டங்களையும் முதன்மை வண்ணங்களையும் உடையாக்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் பாரிஸ் வோக் முகப்பில் டேவிட் பெய்லியின் படமாக இது இடம்பெற்றது.

இக்கோடுகள் துணியில் அச்சிடப்பட்டவை அல்ல. தனித்தனி வண்ணத் துண்டுகளுக்கு இடையே கருப்புப் பட்டைகள் தைத்து இணைக்கப்பட்டன. உடலின் வளைவுக்குத் தேவையான குறுக்கல்கள் அத்தையல்களுக்குள்ளேயே மறைக்கப்பட்டன. எனவே உடை தட்டையான ஓவியம்போல் தெரிகிறது. அலங்காரக் கோடும் கட்டமைப்புக் கோடும் இங்கே ஒன்றாயின. ஒளிப்படம் எல்லாவற்றையும் தட்டையாக்கும் இயல்புடையது. இவ்வுடை அதற்குப் பொருத்தமாக அமைந்தது. மலிவான நகல்கள் விரைவில் பெருகின. அவற்றில் பல கட்டத்தை எடுத்துக்கொண்டன. தையலுக்குள் மறைந்திருந்த நுட்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மதிப்பீடு

மாரே முதல் சான் லோரான் வரையான இந்த எண்பத்திரண்டு ஆண்டுகளில் உடையின் கோடு பலமுறை கைமாறியது. கோர்செட்டில் அது உடலை நெருக்கிக் கிடைத்தது. வியோனேயிடம் துணியின் சாய்விலிருந்து வந்தது. முன்காச்சியிடம் ஓடும் கால்களிலிருந்தும், ஹோர்ஸ்டின் படத்தில் திருத்துபவரின் தூரிகையிலிருந்தும் வந்தது. டியோரிடம் அது பெயராகி விற்பனைக்கு வந்தது.

ஒரு கோடு தெளிவாகத் தெரிய மற்றவை விலக்கப்படுகின்றன. விலக்கப்பட்டவற்றுள் பின்னணி மட்டுமன்றி, நடக்க முடியாத கால்கள், மூச்சு முட்டிய இடை, துணிக்கு வழியில்லாத சந்தைப் பெண்கள், இரவெல்லாம் தைத்த விரல்கள் ஆகியவையும் இருந்தன. ஒளிப்படம் இவற்றை மறைக்கவும் செய்தது; வியோனேயின் தொகுப்பேடுகளிலும் பென்னின் தொழிலாளர் படங்களிலும் பதிந்தும் வைத்தது. ஆகவே ஓர் உடை ஒளிப்படத்தைப் பார்க்கும்போது கோடு எங்கே செல்கிறது என்பதோடு, அது எதிலிருந்து தொடங்குகிறது என்பதையும் கவனிப்பது பயன் தரும். உடலிலா, துணியிலா, விளக்கிலா, தூரிகையிலா என்று ஒவ்வொரு படத்திலும் விடை மாறுபடும்.